அல்லி தாண்டிய வரி

முத்தையனுக்குக் கண் தெரியாது என்று மில்லுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நாங்கள் முதலிலேயே சொல்லிவிடுவோம். சொல்லாவிட்டால் சட்டென்று தெரியாது. மடிப்புக் கலையாத சட்டை, நேராக எடுத்த வகிடு, வராந்தாவில் யாரையும் இடிக்காத நடை. சொன்ன பிறகோ, வந்தவர்கள் அவனிடம் குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கண் தெரியாதவனுக்குக் காதும் மந்தம் என்று எப்படித்தான் முடிவு கட்டுகிறார்களோ. அவனும் விடமாட்டான், அவர்களைவிட உரக்கக் கத்திப் பதில் சொல்லுவான். வந்தவர் மிரண்டு போவார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன்.

நான் பங்கஜவல்லி. பூவத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில் இருந்தது, அதில் எனக்கு அட்டை துளைக்கிற வேலை. எழுபத்தாறில் முதலாளி பம்பாயிலிருந்து யாரோ கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து இறக்கினார். ஒரு அறையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு எதைச் சொல்வதானாலும் தடித்த அட்டையில் துளை போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரு எழுத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று துளைகள், அவை விழுகிற இடத்தை வைத்து எழுத்து. ஒரு அட்டையில் ஒரு வரி. அந்த அட்டைகளை வரிசையாக அடுக்கினால் அதுதான் புரோகிராம், அதாவது இயந்திரம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய கட்டளைகள்.

முத்தையன் அப்போது அடுத்த அறையில் டெலிபோன் போர்டில் இருந்தான். விழிதியூர்க்காரன், நெல் விவசாயக் குடும்பம். பத்து வயதில் அம்மை போட்டுக் கண் போய்விட்டது. திருச்சிப் பக்கம் பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்தில் படித்துத் தேறி, பிறகு பி.ஏ.வும் முடித்திருந்தான். அந்தப் படிப்புக்கு அவனுக்குக் கிடைத்தது, மணி அடித்தால் எடுத்து "வணக்கம்" சொல்லுகிற வேலை. என்னிடம் கேட்டால் அநியாயம் என்பேன். அவன் அப்படியெல்லாம் சொல்லமாட்டான்.

ஒரு நாள் யாரோ ஒரு கழித்த அட்டையை அவன் மேஜையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை விரலால் தடவிக்கொண்டே எங்கள் அறைக்குள் வந்தான்.

"அக்கா, இதுல என்னாங்க எழுதியிருக்கு?"

"அது வீணாப் போன அட்டைப்பா. தூக்கிப் போடு."

"போட்டுடறேங்க. என்னா எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். இந்தத் துளைக்கு இந்த எழுத்து, இரண்டு துளை சேர்ந்தால் இது என்று காட்டிக் கொடுத்தேன். அவன் விரல் அந்த அட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது, திரும்பவும் முதலிலிருந்து போனது. பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தானே சொன்னான். சொல்லி முடித்துவிட்டு அட்டையைக் கீழே வைக்காமல் நின்றான். பள்ளியை விட்டு வந்த பிறகு, பக்கத்தில் ஒருவர் வாசித்துக்காட்டாமல் தானே படித்த முதல் காகிதம் அதுதான் என்று பல மாதம் கழித்து என்னிடம் சொன்னான். கண்ணுள்ளவர்கள் சேதி எழுதின காகிதங்களுக்கு நடுவில், கண் போனதிலிருந்து பதினைந்து வருஷம், பூட்டின வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றிருக்கிறான், பாவம்.

அதற்கப்புறம் அவனைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் புத்தகத்தை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். அரைகுறை இங்கிலீஷில் நான் வாசிப்பேன், எனக்கு ஒன்றும் புரியாது. அவனுக்கும் பாதி புரியாது. புரியாத பாதியைப் பற்றிச் சண்டை போடுவோம். எங்கள் அறைத் தலைவர் திருஞானசம்பந்தம் சார் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "சரி, நீயும்தான் எழுதிப் பாரேன்" என்று ஒரு சின்ன வேலையைக் கொடுத்தார். அவன் எழுதினது ஓடவில்லை. மறுபடி எழுதினான், அதுவும் ஓடவில்லை. அட்டைகளைத் தடவித் தடவித் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்தி, ஒரு வழியாக ஓடவைத்தான். ஆள் ஒன்றும் அதிபுத்திசாலி இல்லை, மற்றவர்கள் மாதிரிதான். தப்பு விட்டால் அதைக் கையால் தொட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடிந்தது, அவ்வளவுதான். வேலை செய்கிற யாருக்கும் வேண்டியது அதுதானே.

இயந்திரம் அச்சடித்துத் தருகிற தாளைப் படிப்பதற்கும் ஒரு வழி பண்ணிக்கொண்டான். அந்தப் பெரிய அச்சுப்பொறி முற்றுப்புள்ளியை அடிக்கும்போது ஆணி அறைகிற மாதிரி அறையும். தாளுக்குப் பின்னால் மெத்தென்று ஒரு துணியை மடித்து வைத்து, முற்றுப்புள்ளிகளை மட்டும் அடிக்க வைத்தால், தாளின் முதுகில் புள்ளி எழும்பும். அவனுக்கு அது போதும், புள்ளி எழுத்துத்தானே அவன் படித்தது. துணி என்னுடைய பழைய வாயில் புடவை. அந்தப் புடவை நான் கட்டினதைவிட அங்கேதான் அதிகம் உழைத்தது.

சம்பந்தம் சாரிடம் ஒரு வழக்கம் உண்டு. புரோகிராமின் ஒவ்வொரு பகுதிக்கும், அதை எழுதினவரின் பெயரையே வைத்துவிடுவார். சம்பந்தம் என்று ஒரு பகுதி, முத்தையன் என்று ஒரு பகுதி. எந்தப் பகுதிக்குப் பிறகு எந்தப் பகுதி என்று சொல்லுகிற தலைப்பு வரிசையில் ஒரு கட்டளை வரும், 'பெர்ஃபார்ம் முத்தையன்' என்று. முத்தையன் எழுதின பகுதியை இப்போது செய் என்று அர்த்தம். "பெருமைக்கு இல்லைய்யா. தப்பு நடந்தா யாரைக் கூப்பிட்டுத் திட்டறதுன்னு நான் தேடிக்கிட்டு இருக்கக்கூடாது" என்பார். முத்தையன் எழுதினது ஷிப்ட் மாற்றுகிற பகுதி. மில்லில் காலை, மதியம், இரவு என்று முறை. இரவு முறை முடித்தவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு விட்டுத்தான் மதிய முறை. அந்தப் பகுதி ஒரு தடவை ஓடினால் எல்லாரும் ஒரு படி நகர்வார்கள். அச்சாகி வருகிற தாளை வாசலில் ஒட்டுவார்கள், அதன்படி ஆட்கள் வருவார்கள். இதை அவன் டெலிபோன் போர்டிலிருந்து எங்கள் அறைக்கு நிரந்தரமாக மாறின வருஷம் எழுதினான்.

கல்யாணமும் அந்த வருஷமே. பெண் அல்லி, பூவத்தில் நிலபுலம் உள்ள குடும்பம், எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். கண் தெரியாதவனுக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று ஊரே அவள் அப்பாவைக் கேட்டது. "நான் பாத்துப் புடிச்சுத்தானே கட்டிக்கிறேன். ஒருத்தர் பாத்தா போதாதா?" என்றாளாம் அல்லி. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப்போனது. கோவில்பத்தில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். காலையில் பஸ் நிறுத்தம் வரை கூட வருவாள், கையைப் பிடிக்கமாட்டாள். பிடித்தால் அவனுக்குக் கோபம் வரும் என்று தெரியும். அவன் பக்கத்தில் வளையல் குலுங்க நடப்பாள், அவன் அந்தச் சத்தத்தோடு நடப்பான்.

எந்தப் பெண்ணையும் போல அவளும் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் கூட இருந்தேன். புருஷன் பேர் என்ன என்று நர்ஸ் கேட்க, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். வீட்டில் பேசும்போதும் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு நொடி நிறுத்துவாள். எல்லாருக்கும் புரியும். அந்த இடைவெளிதான் முத்தையன்.

எண்பத்து நான்கில் பழைய இயந்திரத்தைத் தூக்கிவிட்டுப் புதுசு வந்தது. சின்னது, அழகானது. அட்டை கிடையாது, எல்லாம் திரை. விசைப்பலகையில் தட்டினால் கறுப்புக் கண்ணாடியில் பச்சை எழுத்தாக விழும். எங்களுக்கெல்லாம் திருவிழா பார்த்த சந்தோஷம். துளைப்பொறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், அந்தப் பெரிய அச்சுப்பொறியும் அதோடு போனது. புது அச்சுப்பொறி தாளைத் தடவிக் கொடுத்தது, அறையவில்லை. முற்றுப்புள்ளி எழும்பவே இல்லை.

முத்தையன் வந்து திரையின் முன்னால் உட்கார்ந்தான். கையை நீட்டி அதைத் தொட்டான். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகத் தடவினான். அவன் விரல் போன இடத்தில் தூசி விலகிக் கோடு விழுந்தது, உள்ளே எழுத்து அது பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"வழவழன்னு இருக்குங்க அக்கா. எல்லா எடமும் ஒரே மாதிரி இருக்கு" என்றான்.

இயந்திரம் விற்ற கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் பக்கத்தில்தான் நின்றார். திரையில் வருவதைச் சத்தமாகவோ புள்ளியாகவோ தர ஏதாவது வழி உண்டா என்று முத்தையன் அவரைக் கேட்டான். அவர் கெட்டவர் இல்லை, நல்ல பையன்தான். "அதெல்லாம் யோசிச்சுச் செய்யலைங்களே சார்" என்றார். உண்மையைச் சொன்னார். யாரும் யோசிக்கவில்லை. முத்தையனை மனசில் வைத்துக்கொண்டு வெளியே தள்ளியிருந்தால்கூட ஒருத்தரைப் பிடித்துச் சண்டை போடலாம். நினைத்தே பார்க்காதவர்களிடம் என்னவென்று சண்டை போடுவது? எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

மறுபடியும் டெலிபோன் போர்டுக்குப் போ என்றார் மேனேஜர். முத்தையன் மாட்டேன் என்றான். திரையை வாசித்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் வேலை தன் வேலைதான், தட்டச்சு நன்றாகத் தெரியும், மற்றதெல்லாம் தலைக்குள் இருக்கிறது என்று வாதாடினான். மில் அதற்கு ஆள் தராது, வேண்டுமானால் நீயே அழைத்து வந்துகொள் என்றார்கள். சொன்னவர்கள் அதோடு அவன் அடங்கிவிடுவான் என்று நினைத்திருப்பார்கள். மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து அவனும் அல்லியும் சேர்ந்து இறங்கினார்கள்.

பாவம், அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆண்கள் நிறைந்த அறை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். முதல் வாரம் குரலே வெளியே வரவில்லை. அவன் பொறுமையாக, "சத்தமா சொல்லு அல்லி, இங்க யாரும் உன்னையப் புடிச்சுத் தின்னுட மாட்டாங்க" என்பான். போகப் போகப் பழகிக்கொண்டாள். என்ன வாசிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது, அப்படியே வாசித்துவிடுவாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான், ஆனால் அவள் வாசிக்கும்போது மூடிக்கொள்வான்.

வேலை என்னவென்றால், பழைய அட்டைகளில் இருந்ததையெல்லாம் வெளியிலிருந்து வந்த ஆட்கள் புது இயந்திரத்தில் அடித்துப் போட்டிருந்தார்கள். அவசர அவசரமாக அடித்ததில் அங்கங்கே வரிகள் விட்டுப்போயிருந்தன. எது விட்டுப்போயிற்று என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். முத்தையன் பகுதியை அதற்கு முன்பே நான் உட்கார்ந்து அவனுக்கு வாசித்துச் சரிபார்த்தாகிவிட்டது. மீதி இருந்தது தலைப்பு வரிசை. அதை அல்லி வாசித்தாள். வாசிக்க வாசிக்க, எந்த இடத்தில் எந்த வரி இல்லை என்று அவன் மனசில் குறித்துக்கொண்டான். மத்தியானம் அவள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரக் கிளம்பிப் போனதும், விட்டுப்போன வரிகளையெல்லாம் தானே தட்டிச் சேர்த்தான்.

அந்த வாரம் புது இயந்திரத்தில் முதல் ஷிப்ட் தாள் அச்சாகி வந்தது. எல்லார் பெயரும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, வாசலில் ஒட்டினார்கள்.

அதில் தப்பு இருந்தது. ஆட்கள் ஒரு படிக்குப் பதில் இரண்டு படி நகர்ந்திருந்தார்கள். இரவு முறை முடித்தவர்களின் ஓய்வு நாள் தாண்டிப்போய்விட்டது. விடியற்காலை வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் அன்று மதியமே திரும்பி வர வேண்டும் என்று இருந்தது. சிலர் போய் மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார்கள். "கம்ப்யூட்டர் போட்டதுய்யா. அதுக்கு மேல நான் என்னா பேசறது?" என்றிருக்கிறார் மேஸ்திரி. வந்தார்கள். பஞ்சு சிக்கெடுக்கிற இயந்திரத்தில் நின்றவர் கருப்பையன், கோவில்பத்து ஆள். தூக்கக் கலக்கத்தில் கை உள்ளே போய்விட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியது.

அன்று மில் நின்றது. வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். யார் செய்தது, அவனை வெளியே அனுப்பு என்று சத்தம். சம்பந்தம் சார் புரோகிராமைத் தாளில் அச்செடுத்துப் பார்த்துவிட்டு, முத்தையனை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"ஒரே கட்டளை ரெண்டு தடவை இருக்கு முத்தையன். அதான் எல்லாம் ரெட்டையா ஓடியிருக்கு."

"எந்த வரிங்க சார்?"

"'பெர்ஃபார்ம் முத்தையன்.' வெளியாளுங்க அடிச்சது ஒண்ணு ஒழுங்கா இருக்கு. அதுக்குக் கீழே நீ ஒண்ணு சேத்திருக்கே."

முத்தையன் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான்.

மேனேஜர் கேட்டார்: "உங்க சம்சாரம் சரியா வாசிக்கலையா? அப்படின்னா சொல்லிடுங்க. வெளியில நிக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

"அவங்க சரியாத்தாங்க வாசிச்சாங்க. இருக்குற வரியை இல்லைன்னு நெனச்சு நான்தான் போட்டுட்டேன். தப்பு என்னோடதுங்க."

அப்படியே வாசலில் போய்ச் சொன்னார்கள். குருடனிடம் இந்த வேலையைக் கொடுத்தவன் யார் என்று கத்தினார்கள். அவன் அறைக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டான். மறுநாளிலிருந்து டெலிபோன் போர்டு. அவன் நாற்காலிக்கு வேறு ஆள் வந்தார்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவன் சேர்த்த மற்ற வரிகளெல்லாம் உண்மையாகவே விட்டுப்போனவை. இந்த ஒன்றை எப்படித் தவறவிட்டான்? அதுவும் தன் சொந்தப் பெயர் வருகிற வரியை?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் உள்ளே படுத்திருந்தான். அல்லி அடுப்படியில் இருந்தாள், அழுது முகம் வீங்கியிருந்தது. ஆறுதலுக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, "உன் வீட்டுக்காரர் பேரு அந்த டப்பாவுக்குள்ளயே இருக்கு, பாத்தியா?" என்றேன்.

அத்தனை துக்கத்திலும் அவளுக்கு வெட்கச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தேங்க அக்கா. ஒரு எடத்துல வந்துச்சு. பாத்திரத்துல பேரு வெட்டுவாங்கள்ல, அது மாதிரி போட்டிருக்காங்க. அத்தனை ஆம்பளைங்க உக்காந்திருக்குற எடத்துல அதைப் போய் நான் எப்படி வாயால சொல்றது? தாண்டிக் கீழ வந்துட்டேன்."

என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். சொன்னது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை போர்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "தம்பி, உனக்குத் தெரியுமா?"

எதைக் கேட்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. "எந்த வரின்னு சார் சொன்னதுமே தெரிஞ்சுபோச்சுங்க அக்கா" என்றான். "வீட்ல அவ எங்க நிறுத்துனாலும் அந்த எடத்துல நான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா கேட்டுப் பழகுன காதுங்க. அன்னைக்கு மட்டும் மூச்சு வாங்குறான்னு நெனச்சுட்டேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. "சொல்லித் தொலையேன்! உன் மேல தப்பில்லைன்னு ஆகிடும். அவளும் அடுத்த தடவை வாசிச்சுடுவா. வேலை திரும்பக் கெடைக்கும்."

"கருப்பையன் கை திரும்பக் கெடைக்குமாங்க?" என்றான். "அவரு சம்சாரம் காசியம்மாவும் இவளும் ஒரே குழாயடியில தண்ணி புடிக்கிறாங்க. இவளுக்குத் தெரிஞ்சா சோறு எறங்காது. செத்துப்போயிடுவா அக்கா. எம்மேல இருக்கட்டும். நான் திட்டு வாங்கிப் பழகுன ஆளு."

மணி அடித்தது. எடுத்து வணக்கம் சொன்னான். நான் வெளியே வந்துவிட்டேன்.

சொல்லாமல் இருந்தால் அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று அவன் நினைத்தான். காப்பாற்றினான்தான். ஆனால் அதில் வேறு ஒன்று போய்விட்டது. வாரம் தவறாமல் அல்லி ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு கருப்பையன் வீட்டுக்குப் போனாள். காசியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்க பண்ணுன தப்புக்கு எங்களை மன்னிச்சுடுங்க" என்று அழுதாள். திரும்பி வந்து புருஷன் முகத்தைப் பார்க்கமாட்டாள். பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டவள் அவள். ஊர் என்ன சொன்னாலும் இவரால் முடியும் என்று நம்பினவள் அவள் ஒருத்திதான். இப்போது ஊர் சொன்னதுதான் சரியோ என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவனும் கையை உதறவில்லை. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, முன்னால் நடந்துவிட்டேன்.

எண்பத்தெட்டில் ஒரு நாள், "அக்கா, சீக்கிரம் வாங்க" என்று போர்டு அறையிலிருந்து கூப்பிட்டான். அவனுடன் திருச்சிப் பள்ளியில் படித்த சோமசேகரன் மெட்ராஸிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் கண் தெரியாது. அவர் இருக்கிற கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கருவி வந்திருக்கிறதாம். கம்ப்யூட்டரோடு சேர்த்துவிட்டால் திரையில் என்ன வருகிறதோ அதை அதுவே வாசித்துவிடுமாம், புரோகிராம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும், உடனே வா, சொல்லி வைத்திருக்கிறேன் என்கிறார். ரிசீவரை அந்தக் கருவியின் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார். முத்தையன் தன் ரிசீவரை எனக்கும் கேட்கிற மாதிரி சாய்த்துப் பிடித்தான். மூக்கடைத்த குரலில் இங்கிலீஷ் எழுத்துகளும் சொற்களும் வரிசையாக வந்தன.

"சோமு, நான் சொல்றதை அடிச்சு வாசிக்க விடு" என்று முத்தையன் எழுத்து எழுத்தாகச் சொன்னான். அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல், கடித்துக் குதறின உச்சரிப்பில், எங்கேயும் நிற்காமல் சொன்னது: பெர்ஃபார்ம் முத்தையன்.

அதற்கென்ன, புருஷனா பெண்டாட்டியா. சொல்லிவிட்டது. முத்தையன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்த அட்டையை முதல் தடவை படித்துவிட்டு நின்ற முகம் அதற்கப்புறம் அன்றைக்குத்தான் அவனுக்குத் திரும்ப வந்தது.

"வீட்ல நீங்களும் வந்து சொல்லுங்க அக்கா. நீங்க சொன்னா கேப்பா" என்றான்.

சாயந்தரம் போனேன். அல்லி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அவனிடம்தான் பேசினாள்.

"போயி? அங்க யாரு கையை எடுக்கணும்?"

அவன் காப்பி டம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"ஆசப்பட்டுட்டீங்க, சரி. அதுக்காகத்தானே நான் வந்து உக்காந்தேன்? கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் படிச்சேன். அப்பயும் உங்களால முடியலயேங்க. மிஷின் படிச்சா மட்டும் முடிஞ்சிடுமா? காசியம்மா மொகத்தை நாந்தானே தெனம் பாக்குறேன். வேணாங்க. நமக்கு இருக்குறது போதும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் அவன் நாளைக்கே மெட்ராஸ் பஸ்ஸில் ஏறிவிடலாம். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"அக்கா" என்றான் முத்தையன். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "காப்பி ஆறுதுங்க."

வாயை மூடிக்கொண்டேன். அவன் அல்லி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி, "நீ சொல்றது சரிதான். எனக்கு அது வராது" என்றான்.

இப்படிச் சட்டென்று ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சங்கடப்பட்டுப் போனாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "கோச்சுக்காதீங்க. உங்களைக் கொறையா சொல்லணும்னு சொல்லல" என்றாள். அப்புறம் நியாயம் கேட்கிற மாதிரி என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்க பக்கத்துலதானே அக்கா இருந்தீங்க. நீங்களே சொல்லுங்க. நான் ஒரு வரியாவது விட்டிருப்பேனா?"

முத்தையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். என் குரல் எங்கிருந்து வரும் என்று பார்த்து, காதை என் பக்கம் வைத்திருந்தான்.

"இல்லம்மா. நீ ஒரு வரிகூட விடல" என்றேன்.

அவன் மூச்சை விட்டான். காப்பியை எடுத்துக் குடித்தான். மறுநாள் காலை போர்டில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக மெட்ராஸுக்குப் போன் போட்டு, தான் வரவில்லை என்று சோமசேகரனிடம் சொல்லிவிட்டான்.